சத்தம் போடாத பெட்டி

சுபோதினிக்குக் காது மந்தமாவதை முதலில் கண்டுபிடித்தவர்கள் அவளிடம் கணக்குப் படிக்கும் பிள்ளைகள்தான். கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் அவள் பதினெட்டு வருடமாக ஆசிரியை. பின்வாங்கிலிருந்து ஒருத்தி அறுபத்தெட்டு என்று விடை சொன்னால் இவள் கரும்பலகையில் எழுபத்தெட்டு என்று எழுதுவாள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். மூன்றாவது முறையும் அப்படி நடந்தபோது வகுப்புத் தலைவி எழுந்து, "மிஸ், குறை நினைக்காதேங்கோ, உங்களுக்குக் காது ஏதும் சுகமில்லையோ?" என்று கேட்டாள். அன்று பின்னேரமே சுபோதினி டொக்டரிடம் போனாள்.

இரண்டு காதிலும் குறை இருந்தது. சத்தம் கேட்கும், சொல் விளங்காது. காதைப் பரிசோதித்த பெண் ஒரு தாளில் கோடு கீறிக் காட்டினாள். தடித்த ஒலிகள் எல்லாம் மேலே நின்றன. மெல்லிய கீச்சு ஒலிகளுக்கு வந்ததும் கோடு சறுக்கிக்கொண்டு கீழே போனது. "ச, த எல்லாம் இந்தப் பக்கம்தான் இருக்கு. அதுதான் உங்களுக்கு ஆக்கள் வாய்க்குள்ள கதைக்கிற மாதிரி இருக்குது" என்றாள். நாற்பத்து மூன்று வயதில் இது வருமா என்று கேட்டதற்கு, வரும் என்றாள். இரண்டு காதுக்கும் கருவி கொடுத்தார்கள்.

கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. கீழே சறுக்கிய ஒலிகளை எல்லாம் தூக்கிக் கொண்டுவந்து கொடுத்தது. ஆனால் அது சொல்லையும் குப்பையையும் பிரித்துப் பார்க்காது. பஸ்ஸில் ஏறினால் பொலித்தீன் பை சரசரப்பதும் கண்டக்டர் சில்லறை குலுக்குவதும் பக்கத்தில் இருப்பவர் கதைப்பதும் ஒரே அளவில் வந்து மோதின. வகுப்பில் வேறு வழியில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு போட்டிருப்பாள். வெள்ளவத்தை வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இரண்டையும் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துவிடுவாள்.

இது கணவன் ராகுலனுக்குத் தெரியாது. தலைமயிர் காதை மூடியிருக்கும். அவன் கதைக்கும்போது முகத்தைப் பார்த்தால் வாயசைவிலேயே பாதி விளங்கிவிடும். இருபது வருடம் கூட இருந்த மனிதன் என்ன சொல்லப் போகிறான் என்று மிச்சப் பாதியை ஊகிப்பது பெரிய காரியமில்லை.

ராகுலனுக்கு ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை. மோதிய வாகனங்களைப் போய்ப் பார்த்து, எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும், எதைத் தட்டி நிமிர்த்தலாம் என்று அறிக்கை எழுதுவது அவன் தொழில். படம் பார்ப்பது இருவருக்கும் பொதுவான பைத்தியம். வெள்ளிக்கிழமைகளில் காலி வீதித் தியேட்டருக்கு நடந்தே போவார்கள். கருவி போட்ட பிறகும் ஒருமுறை போனார்கள். இடைவேளைக்கு முன்னமே அவளுக்குத் தலை வெடிப்பதுபோல் வந்துவிட்டது. சண்டைக் காட்சியில் கருவிகளைக் கழற்றினாள்; கழற்றிய பிறகு வசனம் இல்லை. வெளியே வந்ததும், "எனக்கு இனிப் படம் வேண்டாம். நீங்கள் போங்கோ" என்றாள். அவன் அடுத்த கிழமை தனியாகப் போய்ப் பாதியில் எழுந்து வந்துவிட்டான். படம் சரியில்லையாம்.

அதற்குப் பிறகுதான் அவன் தலைக்குள் கணினி புகுந்தது. வீட்டிலேயே ஒரு தியேட்டர். பெரிய டிவி ஏற்கனவே இருந்தது. அதற்குக் கீழே ஒரு கணினியை வைத்து, படங்களை அதில் போட்டு, கீழே வசனம் எழுத்தாக ஓடப் பார்த்தால் மனிசி மறுபடியும் படம் பார்ப்பாள் என்று கணக்குப் போட்டான். எழுபதாயிரத்துக்கு மேல் போவதில்லை என்று தனக்குத் தானே கட்டளையும் போட்டுக்கொண்டான். மூன்று கிழமையாகச் சாப்பாட்டு மேசையில் பட்டியல்தான்.

"சுபோ, இஞ்ச பாரும். ஒரு ஒபீசில இருந்து கழிச்ச கொம்பியூட்டர் ஒண்டு இருக்கு. ஆறாம் தலைமுறைச் சிப். பழசுதான், ஆனா உறுதியான சாமான். புதுப் படங்கள் அதில இழுக்காது, அதால ஒரு பழைய கிராபிக்ஸ் கார்ட் போடுறன். நாலு டெராபைட் ஹாட் டிஸ்க். ஆயிரம் படம் பிடிக்கும்."

"ம்" என்றாள் சுபோதினி. வாயசைவில் 'பழசு' என்ற சொல்லும் 'ஆயிரம்' என்ற சொல்லும்தான் பிடிபட்டன. மனிதனுடைய கண் மின்னியது. அது போதும் என்று நினைத்தாள்.

சாமான்களைக் கொடுத்தவன் சஜீத். கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் வீட்டின் கீழ்த்தளத்தையே கடையாக்கி, பழைய கணினிகளை வாங்கித் திருத்தி விற்பவன். ராகுலனிடம் ஒருமுறை தன் வேனுக்கு அறிக்கை எழுதுவித்ததில் பழக்கம். ராகுலன் எல்லாவற்றையும் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து, இரண்டு நாள் தரையில் இருந்து பூட்டினான்.

சனிக்கிழமை பின்னேரம் முதல் காட்சி. திரைச்சீலையை இழுத்துவிட்டு, தட்டில் முறுக்கும் வைத்துவிட்டு ராகுலன் அவளைக் கூப்பிட்டான். சுபோதினி அறைக்குள் போய்க் கைப்பையைத் திறந்து இரண்டு கருவிகளையும் எடுத்து மாட்டிக்கொண்டு வந்தாள். அவன் இவ்வளவு பாடுபட்டிருக்கிறான், இதையாவது செய்ய வேண்டும்.

பொத்தானை அமத்தியதும் தகரக் கூரையில் மழை கொட்டத் தொடங்கியது. அப்படித்தான் அவளுக்குக் கேட்டது. யன்னலைப் பார்த்தாள், வெயில் அடித்தது. மழை டிவிக்குக் கீழே இருந்த பெட்டிக்குள் பெய்தது. மழைக்கு நடுவில் யாரோ சட்டி சுரண்டுவதுபோல ஹாட் டிஸ்க் கறகறத்தது. அதற்கும் மேலே மெல்லிய ஊசிபோல் ஒரு கீச்சு, நிற்காமல். படத்தில் இரண்டு பேர் வாயை அசைத்தார்கள். கீழே எழுத்து ஓடியது, அதுவும் ஆங்கிலத்தில், அவள் ஒரு வரியை வாசிக்க முன் அடுத்த வரி வந்துவிட்டது.

பத்து நிமிடம் பொறுத்தாள். பிறகு தலைமயிரைக் கோதுவதுபோல் கையை உயர்த்தி இரண்டையும் கழற்றி மடிக்குள் வைத்தாள். மழை நின்றது. ராகுலன் சிரிக்கும்போது தானும் சிரித்தால் சரி. பக்கத்தில்தான் இருக்கிறான், கடைக்கண்ணால் தோள் தெரிகிறது. தோள் குலுங்கினால் சிரிக்க வேண்டும். ஒரு மணித்தியாலம் இந்த முறை நன்றாகவே வேலை செய்தது.

பிறகு ராகுலனுடைய தோள் பலமாகக் குலுங்கியது. சுபோதினியும் பலமாகச் சிரித்தாள்.

படம் நின்றது. அவன் அவள் பக்கம் திரும்பினான். கண்ணில் தண்ணீர், கையில் கடித்த முறுக்கு. திரையில் ஒரு தாய் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுத நிலையில் அப்படியே உறைந்திருந்தாள்.

"ஏன் சிரிச்சனீர்?"

அதை வாயசைவில் படிக்க முடிந்தது. "நீங்கள் சிரிச்சியள்" என்றாள்.

"நான் சிரிக்கேல்ல. முறுக்குப் புரைக்கேறி இருமினனான்."

அவளுக்கு அது விளங்கவில்லை. அவன் இன்னொரு முறை சொன்னான். பிறகு அவன் பார்வை அவள் மடிக்குப் போனது. அங்கே இரண்டு கருவிகளும் கிடந்தன.

சுபோதினி ஒன்றை எடுத்து மாட்டினாள். "அந்தப் பெட்டியை நிப்பாட்டுங்கோ முதல்" என்றாள். அவன் நிற்பாட்டினான்.

"எவ்வளவு நாளாய் இப்பிடி?"

"தொடக்கத்தில இருந்தே. வீட்டில நான் போடுறேல்ல."

"அப்ப நான் இவ்வளவு நாளும் கதைச்சது?"

"பாதி விளங்கும்."

"மூண்டு கிழமையா இந்தக் கொம்பியூட்டரைப் பற்றிக் கதைச்சனான். நீர் தலையாட்டினீர்."

"உங்களுக்குச் சந்தோசமா இருந்தது. அதில ஏன் கை வைப்பான் எண்டு விட்டிட்டன்."

ராகுலன் எழுந்தான். அவன் கோபித்தால் கத்துபவன் இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு பேக்கரிக்குப் பாண் வாங்கப் போவான். வீட்டில் பாண் இருந்தும் போனான். சுபோதினி முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய் நின்றாள். அவளுக்கும் கோபம் இருந்தது. ஆறு மாதமாக ஒரு மனிதன் தன் மனிசியின் காதை ஒருநாள்கூடப் பார்க்கவில்லையே என்று நினைத்தாள். பிறகு, பார்க்க விடாமல் மூடி வைத்தது தான்தானே என்றும் நினைத்தாள்.

அரை மணித்தியாலத்தில் அவன் பாணோடு வந்தான். மேசையில் வைத்துவிட்டு, அவளுக்கு நேரே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தான்.

"என்ன கேட்டது உமக்கு? சரியாச் சொல்லும்."

அவள் சொன்னாள். மழை, சுரண்டல், ஊசி. ஒவ்வொன்றாக. அவன் கம்பனி அறிக்கைத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான். வாகனம் ஓட்டியவரிடம் விபத்தைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டான்: சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து, தொடர்ந்தா, விட்டுவிட்டா?

"நான் கண்ணாலதான் பார்த்து வாங்கினனான். எனக்குச் சத்தமே கேக்கேல்ல."

"எனக்கு அது மட்டும்தான் கேட்டது. சாமானை நான் தெரிஞ்செடுக்கிறன். என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார்கள். தினமும் படிப்பிக்கப் போகும் ஊருக்கு விடுமுறை நாளிலும் போவது சுபோதினிக்கு வித்தியாசமாக இருந்தது. சஜீத்தின் கடை ஒடுங்கியது. சுவர் முழுக்கத் தட்டு. தட்டு முழுக்கக் கழற்றிய பாகங்கள். அவன் மனைவி நிஹ்லா கதிரைகளைத் துடைத்துக் கொடுத்துவிட்டு பிளேன்டீ ஊற்ற மேல்மாடிக்குப் போனாள்.

ராகுலன் விசயத்தைச் சொன்னான். சஜீத் தலையைச் சொறிந்தான். அவன் பேச்சில் 'இருக்கு' எல்லாம் 'ஈக்கு' ஆகிவிடும்.

"சேர், சத்தமில்லாம வேணுமெண்டு நீங்க முதலே சொல்லியிருந்தா நான் இந்த கார்டைத் தந்தே ஈக்க மாட்டேன். இது கேம் விளையாடுற பொடியனுகள் போடுற கார்ட். படம் பாக்க இது எதுக்கு?"

"ஆறாம் தலைமுறைச் சிப்பில புதுப் படம் இழுக்காது எண்டு வாசிச்சனான்."

"சரிதான். அப்ப சிப்பைத்தான் மாத்தணும். எட்டாம் தலைமுறை போர்ட் ஒண்டு ஈக்குது, சிப்போட. அதிலயே படம் ஓடும், கார்டே தேவையில்ல. கார்டை நானே திருப்பி எடுக்குறேன், அது நாளைக்கே போயிரும்."

மழையில் பாதி இப்படியே போயிற்று. ஹாட் டிஸ்க்குக்கும் வழி இருந்தது. வீட்டில் இன்டர்நெட் ரவுட்டர் படுக்கையறையில்தான் இருக்கிறது. டிஸ்க்கை அதில் கொழுவிவிட்டால் படம் அங்கிருந்து வரும், சுரண்டுவது சுவருக்கு அப்பால் இருக்கும். பெட்டிக்குள் சுழலாத சின்ன டிஸ்க் ஒன்று போதும்.

"இனி ஃபேன்" என்றான் சஜீத். "ஃபேன் இல்லாமலும் செய்யலாம் டீச்சர், ஆனா கொழும்புச் சூட்டுக்கு நான் பொறுப்பில்ல."

"எல்லாத்தையும் எடுத்து வையுங்கோ. ஒவ்வொண்டாப் போடுங்கோ. நான் திரும்பி இருக்கிறன்."

சஜீத் ஐந்து காற்றாடிகளை மேசையில் வரிசையாக வைத்தான். சுபோதினி இரண்டு கருவிகளையும் மாட்டி, கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். "கேட்டா கை தூக்குவன்" என்றாள். காது பரிசோதித்த அறையிலும் இப்படித்தான் இருந்தாள். அங்கே சத்தம் கேட்டால் பொத்தானை அமத்த வேண்டும். ஒவ்வொரு முறை அமத்தாமல் விட்டபோதும் எதையோ தோற்றதுபோல இருந்தது. இங்கே கை தூக்காமல் இருந்தால்தான் சாமான் பாஸ்.

முதலாவதற்குக் கை தூக்கினாள். இரண்டாவதற்கு அவன் வயரைத் தொட முன்னமே தூக்கினாள். அது மேல்மாடியில் நிஹ்லா குழாயைத் திறந்த சத்தம் என்று பிறகு தெரிந்தது, மூவரும் சிரித்தார்கள். மூன்றாவதும் கூடாது. நான்காவது, உள்ளங்கை அகலத்துக்கு இருந்த பெரிய காற்றாடி, மெதுவாகச் சுழல்வது. சஜீத் போட்டுவிட்டுப் பேசாமல் நின்றான். அரை நிமிடம் போயிற்று.

"போடுங்கோவன்" என்றாள் சுபோதினி.

"போட்டுட்டேன் டீச்சர். ஓடுது."

அவள் திரும்பிப் பார்த்தாள். இறகுகள் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. "இதுதான்" என்றாள்.

எல்லாவற்றையும் பூட்டி மின்சாரம் கொடுத்ததும் அவள் முகம் சுளித்தாள். ஊசி இன்னும் இருந்தது.

"ஊசியா? எனக்கு ஒண்டும் கேக்கல்லயே" என்றான் சஜீத். ராகுலன் பெட்டியில் காதை வைத்துப் பார்த்தான். அவனுக்கும் கேட்கவில்லை. ஆனால் அவன் மனிசியைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு சொன்னான்: "இவவுக்குக் கேக்குதெண்டா இருக்கு. பாரும் சஜீத்."

சஜீத்துக்கு மனமில்லை. என்றாலும் கைபேசியில் ஒலி அளக்கும் செயலி ஒன்றைத் திறந்து பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தான். திரையில் சின்னச் சின்னக் கோடுகள் தளும்பின. வலது ஓரத்தில் ஒரு கோடு மட்டும் அசையாமல் நெட்டுக்கு நின்றது. பெட்டியை நிற்பாட்டினான், கோடு விழுந்தது. போட்டான், எழும்பியது.

"பவர் சப்ளை" என்றான் மெல்லிய குரலில். "உள்ளுக்கு ஈக்கிற சுருள் கத்துது. இத நான் எத்தின பேருக்கு வித்தீப்பேன்." அதைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, மடிக்கணினிக்கு வருவதுபோல் வெளியே இருக்கும் சின்ன மின்பெட்டி ஒன்றை எடுத்துக் கொழுவினான். அதற்குக் காற்றாடியும் இல்லை. சுபோதினி கண்ணை மூடிக் கேட்டாள். தெருவில் யாரோ மீன் கூவினான். வேறு ஒன்றும் இல்லை.

ஒரு படத்தை ஓடவிட்டு, பிளேன்டீ குடித்தபடி முக்கால் மணித்தியாலம் இருந்தார்கள். சுபோதினி இடைக்கிடை பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். இளஞ்சூடு, அவ்வளவுதான்.

"டீச்சர், இன்னொரு வழியும் ஈக்குது" என்றான் சஜீத். "உங்கட காது மெசினுக்கே படத்துட சத்தத்தை நேரா அனுப்புற சின்னப் பெட்டி ஒண்டு வருது. என்னட்ட ஒண்டு கெடக்குது, ஒருவர் திருப்பித் தந்தது. கொழுவிப் பாருங்க."

கொழுவினார்கள். சுபோதினி நிமிர்ந்து இருந்தாள். ஒவ்வொரு எழுத்தும் சீவி எடுத்ததுபோல் வந்தது. ச வந்தது, த வந்தது. இவ்வளவு தெளிவாக ஒரு குரலைக் கேட்டு ஒரு வருடமாவது இருக்கும். அவள் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள். சற்றுக் கழித்துத் திரும்பியபோது ராகுலன் வாயசைப்பது தெரிந்தது. அவன் வெகுநேரமாக எதையோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். படத்தின் சத்தம் வரும்போது கருவி வெளிச்சத்தங்களை அமத்திவிடுகிறது.

 அந்தச் சின்னப் பெட்டியை எடுப்பதா விடுவதா என்று அவள் யோசித்தாள்.

"நல்ல சாமான்" என்றாள் கடைசியில். "நான் தனியப் பாக்கேக்க இது வேணும், செய்திக்கும் வேணும். எடுப்பம். ஆனா இவரோட பாக்கேக்க எனக்கு ஸ்பீக்கர்தான் வேணும். நடுவில ஒண்டு, ஆக்கள் கதைக்கிறது மட்டும் வாற மாதிரி இருக்கோ?"

இருந்தது. படங்களில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகிறது. அதை மட்டும் கூட்டி, பாட்டையும் சண்டையையும் குறைத்து வைக்கலாம். பழைய நடு ஸ்பீக்கர் ஒன்றைச் சஜீத் தூசி தட்டி எடுத்தான். ராகுலனுடைய எழுபதாயிரக் கட்டளை அந்த இடத்தில் உடைந்தது. அவன் பணப்பையை எடுத்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கே படம் போட்டார்கள். கீழே தமிழிலேயே எழுத்து ஓடும் படமாக ராகுலன் தேடி எடுத்திருந்தான். சுபோதினி தலைமயிரைப் பின்னால் இழுத்துக் கட்டியிருந்தாள். எல்லாம் விளங்கியது என்று சொல்ல முடியாது. நாலில் மூன்று பங்கு காதுக்கு வந்தது, தவறியதை எழுத்தில் பிடித்தாள். கதாநாயகன் முணுமுணுக்கும் இடங்களில் ராகுலனுக்கே விளங்கவில்லை. அவனும் எழுத்தைத்தான் வாசித்தான்.

பாதிப் படத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெண்ணாக ஒருத்தி வந்து அழுதழுது வசனம் பேசினாள். சுபோதினி முன்னால் சரிந்து கேட்டாள்.

"நிப்பாட்டுங்கோ" என்றாள்.

ராகுலன் பயந்துபோனான். "என்ன, திரும்பவும் சத்தமோ?"

"சத்தமில்லை. இவ என்ன பாசை கதைக்கிறா?"

"எங்கட பாசையாம்."

"எங்கட பாசையோ? ஆர் இப்பிடிக் கதைக்கிறது? ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால ஒரு 'ஓ'வைக் கொழுவிவிட்டா எங்கட தமிழாகிடுமோ? திரும்பப் போடுங்கோ."

போட்டான். அவள் கேட்டாள். "பாருங்கோ, 'வந்தனானோ' எண்டுறா, அழுறவள் ஏன் கேள்வி கேக்கிறாள்?"

"படம்தானே சுபோ. அந்தப் பிள்ளை நல்லாத்தான் நடிக்குது."

"நடிப்பை நான் கேக்கேல்ல. வசனத்தைச் சொல்லுறன்."

"நீர் எல்லாத்திலயும் பிழை பிடிக்கிறீர்."

"பிழை இருந்தாப் பிடிக்கத்தானே வேணும்."

ராகுலன் அந்த நடிகைக்காக வழக்காடினான், இயக்குநருக்காகவும் வழக்காடினான். சுபோதினி விடவில்லை. படம் முடிய இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது. இருவரும் சண்டை பிடித்துக்கொண்டே அதைப் பார்த்து முடித்தார்கள்.